ஆபீஸ்ல ஆளுக்கொரு குணம்: உங்க கேள்வி, அக்கா பதில்

கூட வேலை பாக்குறவங்களோட ஒத்துப்போக முடியாம தவிக்கிறீங்களா, எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். எழுதித் தள்ளிட்டீங்க. நிறைய கடிதத்துல கேள்வி ஒண்ணு தான், அந்த ஆளை எப்படி மாத்துறது? முதல்லயே சொல்லிடறேன், ஆளை மாத்துற வித்தை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா எங்க வீட்லயே ஆரம்பிச்சிருப்பேன். ஆனா வேலை நடக்குற விதத்தை மாத்தலாம், அது நம்ம கையில இருக்கு. கீழ இருக்கற பதிலெல்லாம் அதைச் சுத்தித்தான்.

அக்கா, எனக்குக் கீழ 7 பேர் இருக்காங்க. மீட்டிங்னா ஒருத்தர் மட்டும் பேசிட்டே இருப்பாரு, மத்தவங்க தலையாட்டுவாங்க. ஒரு பொண்ணு, வேலையில செம ஷார்ப், ஆனா மீட்டிங்ல வாயே திறக்க மாட்டாங்க. எல்லாம் முடிவாகி ரெண்டு நாள் கழிச்சு எனக்கு மட்டும் மெசேஜ் வரும், "இது ஒத்துவராதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு"ன்னு. அப்பவே சொல்ல வேண்டியது தானேன்னு கடுப்பாகுது. அவங்களை எப்படிப் பேச வைக்கிறது?
- ஒரு டீம் லீட்

அவங்க தான் பேசியிருக்காங்களே தம்பி, ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ்ல. கருத்து இல்லாம இல்ல, அது வெளிய வர்றதுக்கு உங்க மீட்டிங்ல வழி இல்ல. சில பேருக்குப் பேசப் பேசத்தான் யோசனையே ஓடும், பேசிக்கிட்டே நடுவுல ரெண்டு தடவை தன் கருத்தையே மாத்திப்பாங்க. சில பேரு மனசுக்குள்ள எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பாங்க, அதுக்குள்ள நீங்க "சரி, அப்ப முடிவு பண்ணியாச்சு"ன்னு எழுந்துடறீங்க. முதல் வகை ஆளுக்குத் தோதா மீட்டிங்கை வெச்சுட்டு ரெண்டாவது வகை ஆளு மேல கோச்சுக்கிறது நியாயமா?

மீட்டிங்குக்கு முந்தின நாளே விஷயத்தை அனுப்பிடுங்க. "நாளைக்கு ப்ராஜெக்ட் டிஸ்கஷன்"னு ஒரு வரி போடுறதுல யாருக்கும் ஒண்ணும் புரியாது. "நாளைக்கு முடிவு பண்ண வேண்டியது ஒண்ணு தான், புது சாஃப்ட்வேருக்கு ஒரேயடியா மாறுறதா இல்ல பழசையும் புதுசையும் ஒரு மாசம் சேர்த்து ஓட்டுறதா, எதுல எங்க இடிக்கும்னு தோணுதோ எழுதிட்டு வாங்க"ன்னு போடுங்க. மீட்டிங் ஆரம்பிச்சதும் முதல் 5 நிமிஷம் யாரும் பேசக் கூடாது, எல்லாரும் எழுதணும், நீங்களும் தான். அப்புறம் வரிசையா படிக்கணும், புதுசா சேர்ந்தவங்க முதல்ல, நீங்க கடைசியில. நீங்க முதல்ல வாயைத் திறந்துட்டீங்கன்னா அப்புறம் வர்றதெல்லாம் ஆமாம் சாமி தான்.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. 1958லயே அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இதைப் பண்ணிப் பாத்திருக்காங்க. 4 பேரை ஒண்ணா உக்கார வெச்சு ஐடியா கேட்டாங்க, அதே மாதிரி 4 பேரைத் தனித்தனியா யோசிக்க விட்டு வந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்தாங்க. தனியா யோசிச்சவங்க கணக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்துச்சு. ஏன்னா கூட்டத்துல ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும், காத்திருக்கறதுக்குள்ள தோணினது பாதி மறந்துடும், மீதி "இதைச் சொன்னா சிரிப்பாங்களோ"ன்னு உள்ளயே போயிடும். அப்புறம் 2010ல வந்த இன்னொரு ஆய்வு, கிட்டத்தட்ட 700 பேரைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சுப் பாத்தது. எந்தக் குழு நல்லா வேலை செஞ்சுதுங்கறதுக்கும் அதுல எவ்வளவு பெரிய அறிவாளி இருந்தாருங்கறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லையாம். பேச்சு ஒருத்தர்கிட்டயே தேங்கி நிக்காம எல்லார்கிட்டயும் சுத்தி வந்துச்சா, எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாத்து மனசைப் புரிஞ்சுக்கத் தெரிஞ்சுதா, இதுல தான் வித்தியாசம் தெரிஞ்சுது.

ஆனா ஒண்ணு, திடீர்னு பேரைச் சொல்லி "நீங்க என்னம்மா சொல்றீங்க?"ன்னு கேட்டுடாதீங்க. நல்ல எண்ணத்துல தான் எல்லாரும் கேக்கறாங்க, ஆனா கேக்கப்பட்ட ஆளுக்கு அது கிளாஸ்ல எழுப்பி விட்டுக் கேள்வி கேட்ட மாதிரி, இருந்த ரெண்டு வார்த்தையும் மறந்துடும். அந்த நிறைய பேசுற மனுஷனையும் வில்லனாக்கிடாதீங்க. யாரும் பேசலையேங்கற சங்கடம் தாங்காமலேயே நிறைய பேரு பேச ஆரம்பிக்கறாங்க. மத்தவங்க சொல்றதைத் தொகுத்து போர்டுல எழுதுற வேலையை அவருக்குக் கொடுங்க. எழுதணும்னா காது கொடுக்கணும்ல.

எங்க ஹெச்ஆர்ல எல்லாருக்கும் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வெச்சாங்க, 16 டைப்ல நீங்க என்ன டைப்னு நாலு எழுத்துல வரும். இப்ப என்னாச்சுன்னா, பக்கத்து சீட்டுக்காரர் "நான் இன்ட்ரோவெர்ட் டைப், போன் பண்ணாதீங்க"ங்கறாரு, இன்னொருத்தங்க "எனக்கு டெட்லைன்லாம் செட் ஆகாது, என் டைப் அப்படி"ங்கறாங்க. இதெல்லாம் நிஜமா சயின்ஸா?
- நாலு எழுத்துல சிக்கினவன்

சிரிச்சு முடிச்சுட்டு எழுதறேன். அந்த டெஸ்ட்டை உண்டாக்கினவங்க கேத்தரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மாவும் இசபெல் மயர்ஸ்ங்கற அவங்க பொண்ணும். சைக்காலஜி முறைப்படி படிச்சவங்க இல்ல, கார்ல் யுங்ங்கற மனநல மருத்துவர் 1921ல மனுஷங்களை வகை பிரிச்சு எழுதினதைப் படிச்சுட்டு ஆர்வத்துல கேள்வித்தாள் தயார் பண்ணினாங்க. ஆர்வம் தப்பில்ல, சிக்கல் எங்கன்னா, மனுஷங்க குணத்தை அளந்தா ரொம்பப் பேரு நடுவுலதான் வருவாங்க, அந்தப் பக்கக் கோடியிலயும் இந்தப் பக்கக் கோடியிலயும் கொஞ்சம் பேரு தான். இந்த டெஸ்ட் சரியா நடுவுல கோடு கிழிச்சு நீ இந்தப் பக்கம் நீ அந்தப் பக்கம்னு சொல்லிடுது. கோட்டுக்குப் பக்கத்துல நிக்கற ஆளு சில வாரம் கழிச்சு மறுபடி எழுதினா வேற எழுத்து வந்துடும், நிறைய பேருக்கு அப்படி வரவும் செஞ்சிருக்கு. ஆளெடுக்கறதுக்கு இதை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு அந்த டெஸ்ட்டை நடத்துற அமைப்பே சொல்லுது, உங்க ஹெச்ஆர்கிட்ட இதை மட்டும் காதுல போட்டு வைங்க.

இந்த டெஸ்ட் தவிர டிஸ்க்னு (DISC) இன்னொரு பர்சனாலிட்டி டெஸ்ட் இருக்கு, அதையும் சில இடத்துல வெப்பாங்க. அதுக்கு அடிப்படை போட்டவர் வில்லியம் மார்ஸ்டன், 1928ல எழுதினாரு. அதே மனுஷன் தான் பின்னாடி வொண்டர் வுமன் காமிக்ஸ் கதாபாத்திரத்தையும் உருவாக்கினாரு, இது சும்மா ஒரு கொசுறு. ஆராய்ச்சி பண்றவங்க பொதுவா நம்புறது ஐந்து குணங்களை வெச்சு அளக்கற முறையைத்தான், புதுசை ஏத்துக்கறது, ஒழுங்கா முடிக்கறது, கலகலப்பு, அனுசரிப்பு, பதட்டம்னு அஞ்சு. அதுல ஆளை டப்பாவுக்குள்ள போட்டு மூட மாட்டாங்க, ஒவ்வொண்ணுலயும் நீங்க கூடவா குறைவான்னு தான் வரும்.

சரி, இப்ப என்ன பண்றது? டைப்பைச் சொல்ல வேண்டாம், பழக்கத்தைச் சொல்லுங்கன்னு கேளுங்க. "நான் இன்ட்ரோவெர்ட்"னா நான் என்ன பண்ணட்டும்? "காலையில 11 மணி வரைக்கும் கணக்கு வேலை ஓடும், அப்ப போன் வந்தா திரும்ப முதல்லேர்ந்து வரணும், அவசரம்னா கூப்பிடுங்க, இல்லைன்னா மெசேஜ் போடுங்க, சாயந்திரத்துக்குள்ள பதில் வரும்"னு சொன்னா எனக்கு உபயோகம், நான் அதுக்கேத்த மாதிரி நடந்துக்குவேன். டீம்ல எல்லாரும் இப்படி அரைப் பக்கம் எழுதி பொதுவான இடத்துல போட்டு வெச்சா போதும். டெட்லைன் செட் ஆகாதவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, அது டைப் இல்ல, சாக்கு.

ரெண்டு சீனியர்ஸுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. "அவர்கிட்ட சொல்லிடு", "அவங்ககிட்ட கேட்டுட்டு வா"ன்னு ரெண்டு பேரும் என்னை ஓட விடுறாங்க. நான் ஜூனியர், மறுக்க முடியல.
- தூது போறவள்

மறுக்க வேண்டாம்மா, மூணு பேரும் இருக்கற ஒரு குரூப்ல போட்டுடுங்க. "சார் கேட்டது இது, மேடம் பதில் சொன்னீங்கன்னா நான் வேலையை ஆரம்பிச்சுடுவேன்." அவ்வளவு தான். நீங்க சொன்னது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்துச்சுங்கற பழி உங்க தலையில விழாது. அவங்க சண்டை எதுக்குன்னு மட்டும் விசாரிக்கவே விசாரிக்காதீங்க, தெரிஞ்சுக்கிட்டா நீங்களும் ஒரு பக்கம் சாய வேண்டி வரும்.

எனக்கு வேலை டக்குடக்குன்னு ஓடணும். என் கூட இருக்கறவரு அப்படியே எதிர்மாறு. நான் ஒரு ரிப்போர்ட்டை ராத்திரியோட ராத்திரியா முடிச்சு அனுப்பினா, மறுநாள் 23 கமெண்ட்டோட திரும்பி வருது. அதுல பாதி கமா, எழுத்து சைஸ், தேதியை எப்படி எழுதணுங்கறது. நான் போட்ட ஐடியா பத்தி ஒரு வார்த்தை இல்ல. முக்கால்வாசி வேலையை நான் தான் செய்யறேன், அவரு தப்பு கண்டுபிடிக்கறது மட்டும் தான். டீம் மாத்திக் கேக்கலாமான்னு இருக்கேன்.
- வேகமானவன்

உங்க கோவம் புரியுது தம்பி, ஆனா அவரு பக்கத்துல இருந்து ஒரு தடவை பாருங்க. ஒரு ஃபைல் வருது. இது ஃபைனலா, பாதியில இருக்கா, எதைப் பாக்கணும், எப்ப வேணும்னு ஒண்ணும் எழுதல, வெறும் "பார்த்துட்டு சொல்லுங்க". நுணுக்கம் பாக்குற ஆளுகிட்ட பார்த்துட்டு சொல்லுங்கன்னா அவரு கமாவுல இருந்துதான் ஆரம்பிப்பாரு.

அனுப்பும்போதே மேல ஒரு வரி எழுதுங்க. "இது முதல் வரைவு. எழுத்துப்பிழை பாக்க வேண்டாம், இந்த வழியில போலாமா வேண்டாமான்னு மட்டும் நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க." ஓகேன்னு வந்தப்புறம் வேலையை முடிச்சு ரெண்டாவது தடவை அனுப்புறப்போ, "இப்ப சல்லடை போட்டுப் பாருங்க, இது கிளையன்ட்டுக்குப் போகுது"ன்னு எழுதுங்க. அவரோட நுணுக்கம் வீணாகாது, சரியான நேரத்துல வரும். அவரையும் ஒண்ணு கேட்டுக்கோங்க, ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் முன்னாடி "மாத்தியே ஆகணும்" இல்ல "மாத்தினா நல்லாருக்கும்"னு போடச் சொல்லுங்க. 23ல எத்தனை முதல் வகைன்னு அவருக்கே அப்பத்தான் தெரியும். அது ரெண்டே ரெண்டுன்னு வெச்சுக்கோங்க, அந்த ரெண்டு ஒரு நம்பர் தப்பாவோ கிளையன்ட் பேர் தப்பாவோ இருந்துச்சுன்னா அவரு உங்களைக் காப்பாத்தியிருக்காரு, அதையும் கொஞ்சம் யோசிங்க.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு கவனம் தேவையும் இல்ல. தப்பாப் போனா நாளைக்குத் திருத்திக்கலாம்ங்கற விஷயத்துல உங்க வேகம் சரி, உள்ளுக்குள்ள சுத்துற நோட், ட்ரையல் மாதிரி. போனா திரும்ப வராதுங்கற விஷயத்துல, அக்ரிமென்ட், பணம் அனுப்புறது, வெளிய போற அறிக்கை, இதுல அவரு வேகம் தான் சரி. எது எந்தப் பக்கம்னு ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தடவை பிரிச்சுக்கிட்டீங்கன்னா தினமும் முறைச்சுக்க வேண்டாம்.

அந்த முக்கால்வாசி கணக்குக்கு வரேன். 1979ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ராஸும் சிகோலியும், கணவன் மனைவியைத் தனித்தனியா உக்கார வெச்சு வீட்டு வேலையில உங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. ரெண்டு பேரு சொன்னதையும் கூட்டினா பெரும்பாலான ஜோடிகளுக்கு 100 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. யாரும் பொய் சொல்லல, நாம செஞ்சது நமக்கு நல்லா ஞாபகம் இருக்கும், அடுத்தவங்க செஞ்சது நம்ம கண்ணு முன்னாடி நடக்கல. உங்க நண்பரைக் கேட்டாலும் முக்கால்வாசி நான் தான்னு சொல்லுவாருன்னு நினைக்கறேன். டீம் மாத்துறதை ஒரு மாசம் தள்ளிப் போடுங்க.

மேனேஜர் மெசேஜ்ல "ஓகே." மட்டும் போடுறாரு, கடைசில புள்ளி வேற வெச்சு. கோவமா இருக்காரான்னு நாள் பூரா மண்டையை உடைச்சுக்கிறேன். நேர்ல பாத்தா நல்லாத்தான் பேசுறாரு.
- புள்ளி பயம்

நேர்ல நல்லாப் பேசுறாருன்னா நேர்ல இருக்கறது தான் அவரு. எழுத்துல குரல் வராது, முகம் வராது, ஆனா எழுதறவங்களுக்கு தன் குரல் தன் காதுல கேட்டுக்கிட்டே இருக்கறதால எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. 2005ல வந்த ஒரு ஆய்வுல, கிண்டலா எழுதினதா சீரியஸா எழுதினதான்னு படிக்கறவங்க கண்டுபிடிச்சுடுவாங்கன்னு இமெயில் எழுதினவங்க ரொம்ப நம்பிக்கையா இருந்தாங்க, படிச்சவங்க கண்டுபிடிச்சது காசைச் சுண்டிப் போட்டுச் சொல்ற அளவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவு தான். அதனால அவரு புள்ளியில கோவத்தைத் தேடாதீங்க. சந்தேகம் வந்தா "ஓகேன்னா ஆரம்பிச்சுடட்டுமா, இல்ல நீங்க பாத்தப்புறமா?"ன்னு வேலையைப் பத்திக் கேளுங்க, மூடைப் பத்திக் கேக்காதீங்க. ஒரே விஷயத்துக்கு மூணு தடவை மெசேஜ் போயி வந்தும் தீரலைன்னா நாலாவது டைப் பண்ணாம போன் பண்ணிடுங்க.

நான் ஒரு ஆஸ்பத்திரி பார்மசில வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் தான் ஆகுது. சீனியர் ரொம்ப அனுபவசாலி, ஆனா எதிர்த்துக் கேள்வி கேட்டா அவருக்குப் பிடிக்காது. சில சமயம் அவரு எடுத்துக் கொடுக்கறது தப்போன்னு தோணுது, சொல்லப் பயமா இருக்கு. சொல்லி நான் தப்பா இருந்துட்டா?
- புதுசா வந்தவள்

நீங்க தப்பா இருந்துட்டா அரை நிமிஷம் அசடு வழியணும். அவரு தப்பா இருந்து நீங்க சொல்லலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், அதனால தான் எழுதியிருக்கீங்க.

1977 மார்ச் 27, கேனரி தீவுகள்ல டெனரீஃப் விமான நிலையம். ஒரே மூடுபனி. ஒரு போயிங் 747 கிளம்ப ஓட ஆரம்பிக்குது, அதே ஓடுபாதையில இன்னொரு 747 இன்னும் விலகாம வந்துட்டிருக்கு. கிளம்புற விமானத்துல பைலட்டுங்களோட காக்பிட்ல இருந்த இன்ஜினியருக்கு ரேடியோவுல கேட்டதை வெச்சு சந்தேகம் வந்துச்சு, அந்த விமானம் இன்னும் விலகலையோன்னு வாய் விட்டுக் கேக்கவும் செஞ்சாரு. கேப்டன் அந்தக் கம்பெனியோட ரொம்பப் பெரிய சீனியர், விலகிடுச்சுன்னு அழுத்திச் சொல்லிட்டாரு. அதுக்கு மேல இன்ஜினியர் பேசல. 583 பேர் இறந்தாங்க. விபத்துக்குக் காரணம் பல, பனி, ரேடியோவுல வார்த்தை சிக்கினது எல்லாம் சேர்ந்தது, ஆனா அந்த ஒரு கேள்வி அமுங்கிப் போனது விமானத் துறையை உலுக்கிடுச்சு. 1979ல நாசா நடத்தின ஒரு பயிலரங்குல இருந்து, காக்பிட்ல ஜூனியர் எப்படிச் சொல்லணும், கேப்டன் எப்படிக் கேக்கணும்னு தனிப் பயிற்சியே வந்துச்சு, பின்னாடி மருத்துவத் துறையும் அதை எடுத்துக்கிச்சு.

அதுல சொல்லித் தர்றது ரொம்ப எளிசு. சந்தேகத்தைக் கேள்வியாக் கேட்டு நிறுத்திக்காதீங்க, கண்ணால பாத்ததைச் சொல்லுங்க, கவலையைச் சொல்லுங்க, அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. "இது சரியா சார்?"னு கேட்டா "சரிதான் போம்மா"ன்னு வந்துடும். இப்படிச் சொல்லிப் பாருங்க: "சார், சீட்டுல 50ன்னு இருக்கு, இதே பேஷண்டுக்கு போன தடவை 5 தான் போயிருக்கு. எனக்குக் கவலையா இருக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடலாமா?" இதுல நீங்க அவரைத் தப்புன்னு எங்கயும் சொல்லல. சீட்டையும் பழைய ரெக்கார்டையும் தான் காட்டியிருக்கீங்க. அப்பவும் அவரு தட்டிக் கழிச்சா மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே அவருக்கு மேல இருக்கறவங்ககிட்ட போங்க, அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல.

உங்க சீனியர் மாதிரி இருக்கறவங்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணு. எமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கறதுல வர்ற தப்புகளை ஆராய்ஞ்சாங்க. ஒத்துமையா இருக்கற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தாங்க, பதிவான கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்ல தான் அதிகம். பாத்தா, அவங்க அதிகமா தப்பு பண்ணல, நடந்ததை மறைக்காம எழுதியிருக்காங்க. உங்களுக்குக் கீழ வேலை பாக்குறவங்க யாருமே உங்ககிட்ட ஒரு தப்பைக் கூடக் கொண்டு வரலைன்னா சந்தோஷப்படாதீங்க, ஏன் வரலைன்னு பாருங்க.

எதைச் சொன்னாலும் "சரி சரி"ங்கறாரு, அப்புறம் பாத்தா வேற என்னத்தையோ செஞ்சு வெச்சிருக்காரு. புரிஞ்சுதான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கத்தான் செய்யறேன்.
- சலிச்சுப் போனவர்

புரிஞ்சுதான்னு கேட்டா உலகத்துல யாரும் புரியலைன்னு சொல்ல மாட்டாங்க சார், அதுவும் மேல இருக்கறவங்க கேட்டா. கேள்வியை மாத்துங்க. "எங்கேருந்து ஆரம்பிக்கப் போறீங்க?", "முதல்ல யாரைக் கேப்பீங்க?" இப்படிக் கேட்டா புரிஞ்சது என்னன்னு தானா வெளிய வந்துடும். பைலட்டுங்க கூட கன்ட்ரோல் டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்ங்கறது விதி, அதுல யாருக்கும் கௌரவம் குறையறதில்ல. சிலர் தயங்கற ஆளு, எதிர்ல இருக்கறவங்க முகம் சுருங்கக் கூடாதேன்னு சரி சொல்லிடுவாங்க, அவங்க அகராதியில சரின்னா "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு", அவ்வளவு தான். திட்டினீங்கன்னா அடுத்த தடவை மூணு சரி சொல்லுவாரு.

மாசாமாசம் டீம் அவுட்டிங். ஞாயித்துக்கிழமை காலையில இருந்து கயிறு இழுக்கறது, கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கறதுன்னு ஏகப்பட்ட கூத்து. எனக்குக் கூட்டம்னாலே தலைவலி. போகலைன்னா டீம் பிளேயர் இல்லைங்கறாங்க. இதெல்லாம் பண்ணினா நிஜமாவே ஒத்துமை வருமா?
- வீட்லயே இருக்க ஆசைப்படுறவன்

ஏற்கனவே பழகினவங்களுக்கு ஜாலியா இருக்கும், முறைச்சுக்கிட்டு இருக்கறவங்க கயித்தோட ரெண்டு பக்கத்துலயும் முறைச்சுக்கிட்டே இழுப்பாங்க. கயிறு இழுக்கறதுலயே ஒரு வேடிக்கை உண்டு, ரிங்கெல்மன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே அளந்து பாத்துட்டாரு, கயித்துல ஆளு சேரச் சேர ஒவ்வொருத்தரும் போடுற பலம் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு. என்னைக் கேட்டா, வேற செக்‌ஷன் ஆளோட சேர்ந்து ஒரு சின்ன வேலையை ரெண்டே நாள்ல முடிக்கறதுல வர்ற பழக்கம் ஒரு வருஷ அவுட்டிங்ல வராது. நீங்க ஒரு மணி நேரம் தலையைக் காட்டிட்டு ஸ்கோர் எழுதுற மாதிரி ஏதாவது வேலையைக் கேட்டு வாங்கிக்கோங்க, ஓடாமலும் இருக்கலாம், வந்த மாதிரியும் ஆச்சு. ஞாயித்துக்கிழமையில வைக்காம வேலை நாள்ல மதியத்துக்கு மேல வெச்சா என்னன்னு ஒரு மெயில் போடுங்க. சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்க அத்தனை பேரும் உங்க கட்சிக்கு வந்துடுவாங்க.